பெத்தாட றங்குப்பெட்டிக்குள்ள பழைய தாள்காசு கிடந்தது, இதுக்கு உண்மையா விலை இருக்கா?

கல்லடிக்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இந்தப் பழைய காசு விஷயம் ஒண்டும் தெரியாது, தெரிஞ்ச ஆக்கள் யாரும் இருந்தா சொல்லுங்க, கொஞ்சம் அவசரம்.

எங்கட பெத்தா, அம்மாட அம்மா, போன மாசம் தவறிட்டா, எண்பத்தொன்பது வயசு. மட்டக்களப்பு வாவிக்கு அங்கால படுவான்கரையில அவட பழைய வீட்டை ஒதுக்கப் போன நேரம் ஒரு றங்குப்பெட்டி கிடந்தது, 78 சூறாவளியில கூரை பறந்த நேரமும் அவ அந்தப் பெட்டிக்கு மேல படுத்துக் கிடந்தவவாம் எண்டு அம்மா சொல்லுவா. திறந்து பாத்தா கூறைச்சீலைக்குக் கீழ ஒரு பிஸ்கட் டின், அதுக்குள்ள துணியில சுத்தி தாள்காசு. 100 ரூபா 14 தாள், 50 ரூபா 6 தாள், சிலதில பண்டாரநாயக்காட படம், சிலதில தாடி வெச்ச ஒரு பழைய சிலை. பிறகு மீன் படம் போட்ட 2 ரூபா கொஞ்சம், வண்ணாத்திப்பூச்சி போட்ட 5 ரூபா கொஞ்சம், 200 ரூபா பிளாஸ்டிக் தாள் ஒண்டு.

இப்ப பிரச்சின என்னெண்டா மாமாட மகன் இதைப் போட்டோ எடுத்து பேஸ்புக்கில ஒரு குரூப்பில போட்டுட்டான். அண்டைக்கே ஒருத்தர் இன்பொக்ஸ்ல வந்து 100 ரூபா தாள் ஒண்டு மூண்டு லட்சத்துக்கு எடுப்பம், வெளிநாட்டில ஆள் நிக்கிது, ஆனா முதல்ல பதிவுக்காசு 18,500 போடணும், போட்டாத்தான் ஆள் வீட்ட வரும் எண்டு சொல்லி ஏதோ சீல் அடிச்ச கடிதமும் அனுப்பியிருக்கார். மாமா கட்டுவம் எண்டு நிக்கிறார், மாமி ஈடு வைக்கத் தோட்டையும் கழட்டிட்டா. அம்மா வேணாம் எண்டு அழுகிறா. வீட்டில ஒரே சண்டை.

இந்தத் தாளுகள் அப்பிடி விலை போகுமா? வங்கிக்குக் கொண்டு போனா அந்தப் பெறுமதியாவது தருவாங்களா?

செங்கலடி_93:

தம்பி, மாமிட தோட்டை முதல்ல திருப்பிக் காதில போடச் சொல்லுங்க. ஒரு சதமும் கட்ட வேணாம். வாங்குறவன் தான் காசு தருவான், விக்கிறவன் காசு கட்டி உலகத்தில எங்கயும் வியாபாரம் இல்ல. இதே கூத்துத்தான் இந்தியாவில ட்ராக்டர் படம் போட்ட 5 ரூபா நோட்டுக்கு லட்சம் லட்சமா தருவம் எண்டு யூடியூப்பில ஓடினது, கடைசியில அவங்கட ரிசர்வ் வங்கியே 2021ல அறிக்கை விட்டது, எங்கட பேரைச் சொல்லி பழைய நோட்டு விக்கக் கமிஷன், வரி எண்டு காசு கேக்கிறாங்க, நாங்க அப்பிடி ஒரு வேலையும் செய்யிறதில்ல, யாரையும் அப்பிடிக் காசு வாங்க விடவும் இல்ல எண்டு. அந்தச் சீல் அடிச்ச கடிதத்தையும் நம்ப வேணாம், அது போன்லயே செய்யலாம். அந்த ஆள் அனுப்பின எக்கவுண்ட் நம்பர், போன் நம்பர் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வெச்சிட்டுப் பொலிசில ஒரு என்ட்ரி போடுங்க, நாளைக்கு வேற ஒரு வீட்டில வேற ஒரு மாமி தோடு கழட்டுவா.

களுவாஞ்சித்_தாள்:

தம்பி, பெத்தாட ஆத்மா சாந்தியடையட்டும். நான் முப்பது வருஷத்துக்கு மேல தாள் சேக்கிறன், விக்கிற வியாபாரி இல்ல, சேக்கிறவன் மட்டும். அதால கொஞ்சம் விரிவா எழுதுறன், பொறுமையா வாசிங்க.

உங்கட வீட்டில இருக்கிற 50ம் 100ம் தான் இதில மனம் நோகிற பகுதி, அதை முதல்ல சொல்லிப்போடுறன். 1970 ஒக்டோபர்ல சிறிமாவோட அரசாங்கம், என்.எம். பெரேரா நிதியமைச்சர், திடீரெண்டு அப்ப புழக்கத்தில இருந்த 50 ரூபா, 100 ரூபா தாள் எல்லாம் செல்லாது எண்டு அறிவிச்சாங்க. வரி கட்டாமப் பதுக்கி வெச்ச கறுப்புப் பணத்தை வெளிய எடுக்கிறது தான் நோக்கம். கையில இருக்கிறதை வங்கியில ஒப்படைக்கச் சொல்லித் தவணை குடுத்தவங்க, அந்தத் தவணை மாசக் கணக்கில்ல, நாள் கணக்கு. கொழும்பில இருந்த முதலாளிமாருக்கு அது ஒரு பிரச்சின எண்டா, வங்கியையே காணாத ஊருகளுக்கு அது வேற பிரச்சின. மண்முனைப் பாலம் இல்லாத காலம், படுவான்கரையில இருந்து துறை தாண்டி டவுனுக்கு வரணும், றேடியோ இல்லாத வீட்டுக்குச் செய்தியே பிந்தித்தான் போயிருக்கும். நெல்லு வித்த காசை அடுக்குப்பானைக்குள்ள வெச்சிருந்த எத்தின குடும்பத்துக்கு அது கடதாசியாப் போனது.

அதால உங்கட தாளுகளில திகதியைப் பாருங்க. எல்லாத் தாளிலயும் சின்ன எழுத்தில திகதி அடிச்சிருக்கும். 1970.10.26க்கு முந்தின திகதி உள்ள 50, 100 எண்டா வங்கியில ஒரு சதமும் தரமாட்டாங்க. அந்தத் திகதியோ அதுக்குப் பிறகோ எண்டா செல்லும். பண்டாரநாயக்காட படம் ரெண்டு காலத்திலயும் வந்தது, படத்தை வெச்சு முடிவெடுக்க வேணாம், திகதியைப் பாருங்க. அந்தத் தாடிச் சிலை பராக்கிரமபாகு மன்னர்.

செல்லாதது எண்டதால பெறுமதி இல்ல எண்டும் நினைக்க வேணாம். சேக்கிற ஆக்களுக்கு அது வேணும், வங்கிக்குத் திரும்பிப் போய் அழிஞ்சது கூட, வெளிய தப்பினது குறைவு. அதுக்காக மூண்டு லட்சமும் இல்ல. நான் சேக்கத் தொடங்கின காலத்தில இருந்து பாத்த அளவில, மடிஞ்சு அழுக்கான தாளுக்கு ஒரு குடும்பம் ஒரு நாள் சாமான் வாங்கிற அளவு, நல்ல சுத்தமான தாளுக்கு அதை விடப் பல மடங்கு, அவ்வளவு தான்.

இதில எல்லாம் தாளுட நிலைமை தான் தலை. மடிப்பே விழாத, மூலை கூர் மழுங்காத, கையில புடிச்சா மொறுமொறு எண்டு சத்தம் வாற தாள் ஒரு பக்கம், நடுவில ஒரே ஒரு மடிப்பு விழுந்தது அடுத்த பக்கம், ரெண்டுக்கும் விலையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். போட்டோவில பாக்கிற அளவில உங்கட 100 ரூபா தாளுகள் நாலா மடிச்சு வெச்சது, விளிம்பில ஈரக்கறையும் தெரியுது. அயன் பண்ணிப் போடாதீங்க, சவுக்காரம் போட்டுக் கழுவாதீங்க, கிழிஞ்ச இடத்துக்கு டேப் ஒட்டாதீங்க, லாமினேட் பண்ணவே கூடாது. என்ட கூட்டாளி ஒருத்தர் எலிசபெத் ராணி படம் போட்ட 1 ரூபா தாளைக் கழுவி வெயிலில காய வெச்சவர், மை எல்லாம் வெளிறி இப்ப அதை ஒருத்தரும் கேக்கிறதில்ல, அவருக்கு இண்டைக்கும் அது கவலை.

மீன் 2 ரூபா, வண்ணாத்திப்பூச்சி 5 ரூபா, இது 1979 மார்ச் 26 எண்டு திகதி போட்ட வரிசை. லக்கி சேனநாயக்க வரைஞ்சது. பின்பக்கத்தை நிமித்திப் புடிச்சுப் பாருங்க, நெடுக்கா வரைஞ்சிருப்பார். எங்கட நாட்டில அடிச்சதிலயே இது தான் வடிவு எண்டு நான் சத்தமாச் சொல்லுவன். 84ல 2 ரூபாவும் 5 ரூபாவும் உலோகக் குத்திக் காசா வந்த பிறகு தாள் மெல்ல மெல்ல இல்லாமப் போச்சு. ஆனா கனக்க ஆக்கள் வடிவுக்காகவே எடுத்து வெச்சதால இது அரிதில்ல. மடிஞ்ச மீன் தாள் ஒண்டுக்கு நான் கடைசியாக் குடுத்தது முந்நூறு ரூவா. 2 ரூபாவுக்கு முந்நூறு, ஒரு கண்ணால பாத்தா நூற்றைம்பது மடங்கு, மற்றக் கண்ணால பாத்தா ஒரு சோத்துப் பார்சல்.

200 ரூபா பிளாஸ்டிக், அது 1998 பெப்ரவரி 4, சுதந்திரத்தின்ட 50வது வருஷத்துக்கு வந்தது. எங்கட நாட்டில வந்த ஒரே பிளாஸ்டிக் தாள். வீட்டுக்கு வீடு ஒண்டு எடுத்து வெச்சிருக்காங்க, அதால விலை இன்னும் ஏறல்ல, வைங்க.

இன்னொரு விஷயம், இங்கிலீசில சிலோன் மத்திய வங்கி எண்டு இருக்கிறதைக் கண்டு வெள்ளக்காரன் காலத்துத் தாள் எண்டு நினைச்சு ஏமாறுற ஆக்கள் கனபேர். நாட்டுக்குப் பேர் மாறினது 72ல, ஆனா மத்திய வங்கிக்குப் பேர் மாறினது 85ல தான். அதுவரைக்கும் தாளில சிலோன் தான்.

கல்முனை_லாத்தா:

களுவாஞ்சிக்குடி ஐயா எழுதினதை வாசிச்சு எனக்கு எங்கட உம்மாட ஞாபகம் வந்து அழுகையே வந்திட்டு. என்ட உம்மா குவைத்தில வேல செஞ்சவ, 90ல ஈராக் காரன் உள்ள வந்த நேரம் வீட்டுக்காரங்க ஓடின பிறகு ரெண்டு மாசம் வேற ஆக்களோட ஒளிச்சுக் கிடந்து, பாலைவனம் தாண்டி ஜோர்தான் கேம்புக்குப் போய், அங்க இரிந்து தான் வந்து சேந்தா. சம்பளக் காசி முழுக்க குவைத் தினார் தாளாப் பாவாடை மடிப்புக்குள்ள தச்சு வெச்சிக் கொண்டு வந்தவ. இங்க வந்து மாத்தப் போனா ஒருத்தரும் எடுக்கல்ல. பிறகு குவைத் மீண்ட உடன 91ல புதுத் தாள் அடிச்சு பழைய தாள் எல்லாம் செல்லாது எண்டாங்க, களவு போன தாளை ஈராக் காரன் மாத்தாம இரிக்கத்தான் அப்பிடிச் செஞ்சதாம், ஆனா எங்கட உம்மாக்கு அது ஆரு சொல்லிக் குடுக்கிற? மாத்திற தவணை முடிஞ்ச பிறகு தான் எங்களுக்கு விஷயமே தெரியும்.

அந்தத் தினாரை இப்பவும் வெச்சிரிக்கன். ஒருக்கா ஒரு ஆள்ட்டக் காட்டின, சேக்கிறவங்க எடுப்பாங்க ஆனா கனக்க வராது எண்டு சொன்னார். நாலு வருஷத்துச் சம்பளம். நான் விக்கல்ல.

தம்பி, உங்கட பெத்தாவும் அதைச் செல்லாது எண்டு தெரிஞ்சே வெச்சிரிந்திருப்பா, எனக்கு அப்பிடித்தான் படுது. கூறைச்சீலைக்குக் கீழ வைக்கிற சாமானைப் பொம்பிளயள் விலைக்கு வைக்கிறதில்ல.

அக்கரைப்பற்றுக்_காக்கா:

எல்லாரும் ஒண்டுமில்ல ஒண்டுமில்ல எண்டு சொல்லிச் சொல்லியே ஆக்களை அடிமட்ட விலைக்கு விக்க வைக்கிறீங்க, அதையும் நான் சொல்லத்தான் வேணும். எங்கட பக்கம் பழைய பித்தளை, குத்துவிளக்கு எடுக்க மோட்டார் சைக்கிளில வாறாங்க, அவங்க பழைய தாளும் கேப்பாங்க. எங்கட மூத்தாப்பாட பெட்டியில இரிந்த ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட 10 ரூபா தாளை, ஒரு மடிப்பும் இல்ல, புதுசு மாதிரி இரிந்தது, 500 ரூவாக்கு வாப்பா குடுத்திட்டார். பிறகு தான் தெரியும் அது 1951 ஜனவரி 20 திகதி போட்டது, மத்திய வங்கி தொடங்கி முதல் முதல் விட்ட தாள், ஜே.ஆர். ஜெயவர்த்தன நிதியமைச்சரா இரிந்து கையெழுத்து வெச்சது, கூட ஜோன் எக்ஸ்டர் எண்ட அமெரிக்காக் காரன், அவர் தான் எங்கட முதல் ஆளுநர். அந்த நிலைமையில அந்தத் தாள் என்ன விலை எண்டு பிறகு விசாரிச்ச நேரம் வாப்பா மூணு நாள் ஒழுங்காச் சாப்பிடல்ல. அதால தம்பி, ஏமாத்துக்காரனுக்குக் காசு கட்டவும் வேணாம், வீட்டு வாசலுக்கு வாறவனுக்கு அள்ளிக் குடுக்கவும் வேணாம். நாலு பேருக்கிட்டக் காட்டுங்க.

களுவாஞ்சித்_தாள்:

காக்கா சொல்லுறது நூறு வீதம் சரி, நான் அந்தப் பக்கத்தை எழுதாம விட்டது பிழை. ஜோர்ஜ் மன்னர் தாள், 52ல இருந்து 54 வரைக்கும் வந்த எலிசபெத் ராணி தாள், அதுக்கு முந்தி 1885ல இருந்து அரசாங்கமே விட்ட தாள், இதெல்லாம் நல்ல நிலைமையில கிடைச்சா பெரிய விலை, அதில சந்தேகமே வேணாம். சின்னத் தாளிலயும் கவனிக்க இருக்கு. சீரியல் நம்பர் இசட் எழுத்தில தொடங்கினா அது அச்சில பழுதான தாளுக்குப் பதிலா வெச்ச தாள், குறைவாத்தான் அடிப்பாங்க, அதுக்குத் தனி விலை. ஒரே வருஷத் தாளில திகதியும் கையெழுத்தும் மாறினா விலையும் மாறும்.

விலை பாக்கிறதெண்டா இணையத்தில ஆக்கள் கேக்கிற விலையைப் பாக்காதீங்க, வித்து முடிஞ்ச விலையைப் பாருங்க. ஒருத்தன் பத்து லட்சம் எண்டு போடலாம், பத்து வருஷமா அது அங்கயே கிடக்கும். ஏலத்தில உண்மையா என்னத்துக்குப் போனது எண்டது தான் கணக்கு.

கொழும்புக்குப் போற வேலை இருந்தா கோட்டையில சதாம் வீதியில மத்திய வங்கிட மியூசியம் இருக்கு, எல்லாக் காலத்துத் தாளையும் கண்ணாடிக்குள்ள வரிசையா வெச்சிருக்காங்க. உங்களிட்ட இருக்கிறது எது எண்டு கண்ணால ஒத்துப் பாக்கலாம், அங்க விலை சொல்லமாட்டாங்க.

கல்லடிக்காத்து:

எல்லாருக்கும் பெரிய நன்றி. எழுதினதை எல்லாம் மாமாக்கு இருந்து வாசிச்சுக் காட்டினன். ரெண்டு நாள் கதைக்கல்ல, மூண்டாம் நாள் அந்த ஆளைத் தானே புளொக் பண்ணிட்டு வந்து அம்மாட்ட மன்னிப்புக் கேட்டார். மாமிட தோடு காதில தான் இருக்கு. பொலிசிலயும் சொல்லிட்டம்.

திகதி பாத்தன் ஐயா. 100 ரூபாவில 11 தாள் முந்தினது, 3 தாள் 1970.10.26. 50 ரூபா ஆறும் முந்தினது. அம்மாட்ட இதைச் சொன்னன். அவக்கு அப்ப எட்டு வயசாம், பெத்தப்பா நெல்லு வித்த காசு, ஒரு சோடி எருமை வாங்க வெச்சிருந்தவராம், காய்ச்சலாக் கிடந்ததால டவுனுக்குப் போக முடியாமப் போச்சாம், பெத்தா தனியத் துறை தாண்டிப் போற நேரம் தவணை முடிஞ்சிட்டாம். எருமை வாங்கவே இல்ல. லாத்தா எழுதினது உண்மை தான், பெத்தாக்குச் செல்லாது எண்டு நல்லாத் தெரியும்.

இன்னொண்டு கேக்கணும். டின்னுக்கு அடியில ஒரு சின்னத் துண்டுக் கடதாசி ஒட்டிக் கிடந்தது, மெல்ல எடுத்தன். தாள் மாதிரியும் இருக்கு, முத்திரை மாதிரியும் இருக்கு, 3 சதம் எண்டு போட்டிருக்கு, 1942, ஒரு ஓரம் முத்திரை கிழிச்சது போல பல்லுப் பல்லா இருக்கு. பழைய கூப்பன் அட்டைட மிச்சம் எண்டு தம்பி எறியப் பாத்தான். இது என்ன?

களுவாஞ்சித்_தாள்:

எறிய வேணாம் தம்பி, எறியவே வேணாம்!

அது காசு தான். யுத்தக் காலத்தில குத்திக் காசு அடிக்க உலோகம் தட்டுப்பாடாப் போய், 42ல 5 சதத்துக்குக் கூடத் தாள் அடிச்சவங்க. அந்த 5 சதத் தாளை நடுவில வரிசையாச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு ரெண்டு துண்டா அமைச்சது, ஒரு பக்கம் 2 சதம், மற்றப் பக்கம் 3 சதம். சில்லறை வேணும் எண்டா அந்த இடத்தில கிழிச்சு 2 சதத்தைக் குடுத்திட்டு 3 சதத்தை வெச்சிக்கலாம். உங்கட கையில இருக்கிறது அந்த 3. யாரோ ஒரு நாள் 2 சதத்துக்கு ஏதோ வாங்கிட்டு மிச்சத்தைக் கொண்டு வந்திருக்காங்க. கிழியாத முழுத்தாளுக்குத் தான் சேக்கிறவங்க கூட விலை குடுப்பாங்க, துண்டுக்கு அதை விடக் குறைவு. ஆனா கிழிச்ச துண்டு தான் உண்மையாக் கடையில பாவிச்சது எண்டதுக்கு அத்தாட்சி, எனக்கு எண்டா இது தான் கூட ஆசை.

எங்க வைக்கிற எண்டு கேப்பீங்க. ஆத்தங்கரைக் காத்தில ஈரம் கூட, டின்னுக்குள்ள திரும்ப வைக்காதீங்க, துருக்கறை அதில இருந்து தான் வந்திருக்கு. மலிவுப் பிளாஸ்டிக் அல்பமும் வேணாம், கொஞ்ச வருஷத்தில பிசுபிசு எண்டு தாளோட ஒட்டும். தாளுக்கெண்டே விக்கிற தெளிவான உறை இருக்கு, அது கிடைக்கும் வரைக்கும் சுத்தமான வெள்ளைக் கடதாசிக்கு நடுவில தட்டையா வெச்சு, ஒரு பாரமான புத்தகத்துக்குள்ள, அலுமாரிட மேல் தட்டில. ராமபாணம் பூச்சி வராமப் பாருங்க. மடிப்பை நிமித்த வேணாம், அப்பிடியே இருக்கட்டும்.

விக்கிறதெண்டா மீன் தாளும் வண்ணாத்திப்பூச்சித் தாளும் நல்லதா ஒவ்வொண்டு வெச்சிட்டு மற்றதைக் குடுங்க, நான் நியாய விலைக்கு எடுப்பன், இல்லாட்டி வேற ரெண்டு பேரைச் சொல்லுறன், ஒத்துப் பாத்துக் குடுங்க.

கல்லடிக்காத்து:

ஐயா, மீன் தாள் ஒன்பதும் வண்ணாத்திப்பூச்சி ஏழும் இருக்கு, ஞாயித்துக்கிழமை களுவாஞ்சிக்குடிக்குக் கொண்டு வாறன். அந்த வாற காசில பெத்தாட முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்குச் சோறு குடுக்கிற செலவில கொஞ்சம் பாக்கலாம் எண்டு அம்மா சொன்னா.

100 ரூபாத் தாள் ஒண்டிட வெள்ளை ஓரத்தில பென்சிலால ஏதோ எழுதியிருக்கு, நேத்துத்தான் வெளிச்சத்தில புடிச்சுப் பாத்தன். பெத்தப்பாட கையெழுத்தாம், அம்மா கண்டவுடன சொல்லிட்டா. "எருமை 2" எண்டு இருக்கு. எழுத்து இருந்தா விலை குறையும் எண்டு நீங்க சொல்லுவீங்க, பரவாயில்ல ஐயா, 11 தாளையும் நாங்க குடுக்கல்ல. 3 சதத் துண்டை மட்டும் ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து காட்டுறன், உங்களுக்கு ஆசை எண்டு எழுதினீங்க.